மாவுக் கிடங்கில் ஓர் அம்முணி

நான் நாலாம் வகுப்பு. அதுவும் பாதிதான். மேட்டுப்பாளையத்தில் விறகு லாரியில் ஏறிக் குன்னூருக்கு வந்து இறங்கியபோது என்னிடம் இருந்தது ஒரு சட்டையும் அதன்மேல் ஒரு கோணிச்சாக்கும். இன்றைக்கு வர்க்கி சுடும் விறகடுப்பு இரண்டு, கடை இரண்டு, வேன் மூன்று. ஊட்டி வர்க்கி என்று சொல்லிக் கண்ட பொட்டலத்தையெல்லாம் விற்கிறார்களே, அதில் ஒன்றையும் என்னுடையதில் ஒன்றையும் எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு கடித்துப் பாருங்கள். என்னுடையது பல்லில் படும்போதே ஏடு ஏடாக உதிரும். உள்ளதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது என்னைப் பற்றி அல்ல. என் மைதாக் கிடங்குக்குள் உட்கார்ந்து ஊர் உலகத்தின் துக்கத்தையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த ஓர் அம்முணியைப் பற்றி. கொங்குப் பக்கத்தில் பெண்ணை மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவோம். பெயரை எழுத மாட்டேன். தன்னிடம் பேசியவர்களில் ஒருவர் பெயரைக்கூட அவர் வெளியே சொன்னதில்லை. அந்த மரியாதையை நான் திருப்பிச் செய்ய வேண்டாமா?

கொரோனா அடங்கிய பிறகு ஒரு வைகாசியில் எங்கள் மாடிக்குக் குடி வந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பேச்சு. முப்பத்தைந்து வயது இருக்கும். கண்ணாடி, ஆம்பளைகள் போடுகிற தொளதொள ஸ்வெட்டர், காதை மூடிய குல்லா. வாடகை பேசும்போதே விசாரித்தேன்.

“என்ன வேலைங்க அம்முணி?”

“கம்ப்யூட்டர்ல கவுன்சலிங் பண்றேங்க ஐயா. படபடப்பு, துக்கம், வீட்டுக்குள்ள மனஸ்தாபம்னு கஷ்டப்படறவங்க வீடியோவுல வருவாங்க. நான் கேப்பேன்.”

“கேட்டுப்போட்டு?”

“கேப்பேன்.”

“அதானுங்க, கேட்டுப்போட்டு என்ன புத்தி சொல்லுவீங்க?”

“புத்தி சொல்றது ரொம்பக் கம்மிங்க. பெரும்பாலும் கேக்கறதுதான்.”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நாற்பது வருஷமாக இந்தத் தெருவுக்கே நான் இலவசமாகப் புத்தி சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒருவன் ஒரு டீ வாங்கித் தந்ததில்லை. இந்த அம்முணி வாயைத் திறக்காமலே பிழைக்கிறதே!

வந்த பதினைந்தாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. மாடிக்குத் தகரக் கூரை. மழை விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் கேட்காது. அம்முணி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீடெல்லாம் அலைந்தார். குளியலறையில் எதிரொலி, படிக்கட்டுக்கு அடியில் தண்ணீர். கடைசியில் மைதா எடுக்க நான் கிடங்கைத் திறந்தபோது எட்டிப் பார்த்தார். மூன்று பக்கமும் கூரை வரைக்கும் மூட்டை. உள்ளே கால் வைத்ததும் மழைச் சத்தம் யாரோ போர்வை போட்டு மூடியது போல நின்றுவிட்டது.

“ஐயா, இது எனக்கு வேணுங்க” என்றார், நகைக்கடையில் நிற்பவரைப் போல.

கடையில் பில் போட இழுத்திருந்த இன்டர்நெட் ஒயரைக் கிடங்கு வரை நீட்டினோம். இரண்டு எண்ணெய் டின்மேல் பலகை, மேசை ஆயிற்று. மூட்டைகள் தெரியாமல் இருக்கப் பின்னால் நீலப் போர்வை. வீடியோவில் பார்ப்பவர்களுக்கு அது ஏதோ பெரிய ஆஸ்பத்திரி அறை. வெளியே வரும்போது மட்டும் குல்லாவிலும் புருவத்திலும் மாவு.

அந்தச் சமயத்தில் என் வீட்டில் வேறொரு கூத்து நடந்துகொண்டிருந்தது. அந்த வருஷம் தை மாதம் இரண்டாவது கடையைத் திறந்தேன். ஊரே வந்திருந்தது. மைக்கைப் பிடித்து நானே பேசினேன். நன்றாகத்தான் பேசினேன், எல்லோரும் கை தட்டினார்கள். அன்று சாயங்காலத்திலிருந்து என் மனைவி சரசு என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். சமையல் நடந்தது. பிரஷர் மாத்திரை வேளைக்கு வந்தது. பேச்சு மட்டும் இல்லை. ஏன் என்று கேட்டால் அதற்கும் பேச்சில்லை. எதுவானாலும் வர்க்கி சுடும் அடுப்பு மாஸ்டர் வழியாகத்தான்.

“மாஸ்டர், சோறு ஆறுதுன்னு சொல்லீருங்க” என்பாள். நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருப்பேன்.

“மாஸ்டர், கொழம்புல உப்பே இல்லைன்னு சொல்லீருங்க.”

“மாஸ்டர், உப்புக் கூடாதுன்னு டாக்டர் சொன்னது மறந்து போச்சான்னு கேளுங்க.”

“ஏனுங்க, ரெண்டு பேரும் என்னைய வெச்சு டெலிபோன் ஓட்டறீங்ளே, அங்க அடுப்புல வர்க்கி கருகுது!” என்று மாஸ்டர் ஓடுவார்.

ஆவணியில் காரமடையிலிருந்து எங்கள் மகள் போன் செய்தாள். “அப்பா, ஆயுத பூசை முடிஞ்சதும் அம்மா இங்கயே வந்துர்றாங்களாம். இனிக் குன்னூருக்கு ஏறி வர மாட்டாங்களாம். உங்களுக்குத் தெரியுமா?” தெரியும் என்று சொல்லி வைத்துவிட்டேன். தெரியாது. நாற்பத்தொரு வருஷம் என்னோடு அடுப்படியில் வெந்தவள், இன்னும் ஒன்றரை மாதத்தில் மலையிறங்கிவிடப் போகிறாள். எனக்குத் தூக்கம் போயிற்று.

அம்முணியிடம் வருகிறேன். அவரிடம் இருந்தது ஒரே ஒரு குணம், காத்திருப்பது. எதிராளி பேசாமல் இருந்தால் நாமெல்லாம் என்ன செய்வோம்? ஏதாவது சொல்லி அந்த இடத்தை அடைப்போம். அவர் அடைக்க மாட்டார். லைன் போய்விட்டது என்று நினைத்து அந்தப் பக்கத்திலிருந்து “ஹலோ, இருக்கீங்களா?” என்பார்கள். “இருக்கேன். அவசரமில்லை” என்பார். அவ்வளவுதான். கதவோரம் போகும்போது ஒன்றிரண்டு தடவை காதில் விழுந்தது. ஒன்றிரண்டு என்று சொல்வது பொய். நான் வேண்டுமென்றேதான் போனேன்.

ஒரு பேச்சு முடிந்தால் நேரே அடுப்படிக்கு வந்து, சூட்டில் கை காட்டிக்கொண்டே வர்க்கி தின்பார். நான் கணக்கு வைத்திருந்தேன். ஒரு வர்க்கி என்றால் சாதாரணப் பேச்சு. இரண்டு என்றால் யாரோ நன்றாக அழுதிருக்கிறார்கள். ஒருநாள் ஐந்து தின்றார். “யாருங்க அம்முணி, சாவுங்களா?” என்று மெல்லக் கேட்டேன். “வர்க்கி இன்னிக்கு நல்லா வந்திருக்குங்க ஐயா” என்றார். அவரிடமிருந்து ஒரு செய்தி வாங்குவதைவிடச் சுலபமாக மைதா மூட்டையைப் பிழிந்து எண்ணெய் எடுத்துவிடலாம்.

இந்த ஆசைதான் என்னைக் கெடுத்தது. ஒருநாள் கதவோரம் நின்றேன். உள்ளே ஒரு பெண் குரல். நிச்சயமான பையன் நடுவில் நடுவில் பேசாமல் இருந்துவிடுகிறான், போன் எடுப்பதில்லை, கேட்டால் திட்டுகிறான் என்று விக்கி விக்கிச் சொல்கிறது. அப்புறம் பேச்சு நின்றது. அம்முணியும் பேசவில்லை. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். சொல்லுங்களேன் அம்முணி, ஒரு வார்த்தை சொல்லுங்களேன்! முடியவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு நான் கத்திவிட்டேன்: “அவனை உட்டுத் தொலை கண்ணு! தாலி கட்டறதுக்கு முன்னாலயே இந்தப் பாடா?”

அந்தப் பக்கம் லைன் அறுந்துபோனது.

அம்முணி திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை, அது இருந்திருந்தால் சமாளித்திருப்பேன்.

“நான் சொன்னது தப்புங்களா?” என்றேன்.

“தப்பா சரியான்னு எனக்குத் தெரியாதுங்க. நாலு வாரமா என் முன்னால உக்காந்து வேற என்னென்னமோ பேசிட்டு, இன்னிக்குத்தான் அவங்க அதைச் சொல்ல வந்தாங்க. பாதியில இருந்தாங்க.”

அந்தப் பெண் மறுபடியும் கூப்பிட்டதா, என்ன ஆயிற்று என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அம்முணி சொல்லவே இல்லை. கேட்கும் யோக்கியதை எனக்கும் இல்லை.

மறுநாள் கடைவீதியில் ஒரு பெரிய பூட்டு வாங்கினேன். இரண்டு சாவியையும் அம்முணி கையில் கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு என் மைதாவை எடுக்க நான் அனுமதி கேட்டு நின்ற கதையைக் கேளுங்கள். அடுப்பு காய்ந்து தயாராக இருக்கும். மாஸ்டர் தலையில் அடித்துக்கொள்வார்: “சொந்த மாவுக்குக் கியூவுல நிக்கிற மொதலாளிய இன்னிக்குத்தானுங்க பாக்கறேன்!” உள்ளே யாரோ அழுதுகொண்டிருப்பார்கள், வெளியே நாங்கள் காலி அண்டாவோடு நின்றுகொண்டிருப்போம். சரசு அதைப் பார்த்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டு போவாள். சிரித்தாள் என்று நினைக்கிறேன். மாஸ்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வெட்கமாக இருந்தது.

ஒருமுறை வேனில் மேட்டுப்பாளையத்துக்குச் சரக்கு இறக்கப் போனேன். ரயில் பிடிக்க அம்முணியும் கூட வந்தார். பாதி மலையில், ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டிகள் வரிசையாக நின்றன. முன்னால் ஒரு சரக்கு லாரி. ஓட்டுநர் சமவெளிக்காரர், மலைக்குப் புதுசு. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி கை உதற, வேர்த்து வழிய உட்கார்ந்திருக்கிறார். நகர மாட்டேன் என்கிறார். பின்னால் எல்லோரும் ஹாரன். நான் சும்மா இருப்பேனா? இந்த மலையில் லாரி ஓட்டியவன் நான். இறங்கிப் போய் “பர்ஸ்ட் கியரைப் போடுங்க, பிரேக்கை மெதுவா உடுங்க, என்னத்துக்கு நடுங்கறீங்க!” என்று கத்தினேன். அவர் நடுக்கம் கூடியது.

அம்முணி வந்தார். மறுபக்கம் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பேரும் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் போல முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பத்து நிமிஷம் போயிற்று. அப்புறம் அந்த மனுஷர் கையை அசைத்து ஏதோ பேசினார். பிறகு லாரி தானாக நகர்ந்தது. அடுத்த அகலமான இடத்தில் அம்முணி இறங்கி நின்றார்.

“என்னங்க சொன்னீங்க அவருகிட்ட?”

“எந்த ஊருன்னு கேட்டேங்க. கொஞ்ச நேரம் கழிச்சுச் சொன்னார்.”

“அவ்வளவுதானுங்களா?”

“பயமா இருக்குன்னார். ஆமாம், இருக்கும்னேன்.”

அன்றைக்குத் திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தேன். அம்முணி ஊரிலிருந்து திரும்பி வந்த மறுநாள் கிடங்கு வாசலில் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். “அம்முணி, எனக்கும் அப்பிடிக் கொஞ்சம் கேளுங்களேன். பீஸ் குடுத்தர்றேன். சரசு போகப் போறா. எனக்கு ஏன்னே தெரியலீங்க.”

அவர் முகம் வாடிவிட்டது. “உங்க வீட்டுல குடியிருக்கேன், அம்மா கையால சாப்பிடறேன். உங்களை நான் பாக்கறது முறையில்லைங்க ஐயா. வேற ஒருத்தர் நம்பர் தரேன். ரொம்ப நல்லவர்.”

“அவருக்கு என்னையத் தெரியாதுங்களே?”

“அதுதாங்க நல்லது.”

“சரசு உங்ககிட்ட ஏதாச்சும்…”

“அதை அம்மாகிட்டதாங்க கேக்கணும்.”

நம்பரை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தேன். கூப்பிடவில்லை. நான் யார், எப்படி மேலே வந்தவன் என்று தெரியாத ஆளிடம் எங்கே தொடங்குவது?

சாயங்காலம் நாலு மணிக்கு அடுப்படியில் டீ குடிக்கும் வழக்கம் மட்டும் நிற்கவில்லை. நான் கதை சொல்வேன். எல்லோருக்கும் சொன்ன கதைதான்: நான் அடுப்புக் கட்டியது, நான் கடை பிடித்தது, நான் வேன் வாங்கியது. ஒருநாள் அம்முணி டீ டம்ளரை இறக்கி வைத்தார்.

“ஐயா, நீங்க மூச்சு வாங்கற எடத்துல ஒரு கேள்வி கேக்கலாங்களா?”

“கேளுங்க, கேளுங்க.”

“விடியறதுக்கு முன்னாடி லாரிக்குப் போயிருவேன்னீங்க. அப்ப மாவு பிசைஞ்சது யாரு?”

“அது சரசுதானுங்க” என்று சொல்லிவிட்டு வேன் வாங்கிய இடத்துக்குத் தாவினேன்.

இரண்டு நாள் கழித்து, மஞ்சக்காமாலையில் நான் இரண்டு மாதம் படுத்த கதை வந்தது. “கடையை மூடிட்டீங்களா?” என்றார்.

“மூடறதா! ஒரு நாள் மூடலீங்க அம்முணி. அந்த ரெண்டு மாசத்துலதான் வியாபாரமே ஏறுச்சு. வர்க்கி ஏடு ஏடா உதிர ஆரம்பிச்சது அப்பத்தானுங்க. மடிக்கிற வெதத்தையே மாத்தி…”

நின்றுவிட்டேன். மடிக்கும் விதத்தை மாற்றியது யார்? நான் பாயில் கிடந்தேன். அம்முணி டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். அடுப்பில் விறகு வெடிக்கிற சத்தம்.

“இது கவுன்சலிங்குங்களா அம்முணி?” என்றேன் கடைசியில்.

“இல்லைங்க. கதையில ஒரு ஆளைக் காணோமே, எங்க போனாங்கன்னு கேட்டேன்.”

அப்போதுதான் தை மாதத்து மைக் நினைவுக்கு வந்தது. “யார் துணையும் இல்லாம, ஒத்தை ஆளா நின்னு இதைக் கட்டுனேன்” என்று சொன்னேன். கை தட்டினார்கள். சரசு குங்குமத் தட்டோடு என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

தெரிந்தால் ஆயிற்றா? மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத வாய். சமையலறை வாசலில் போய் நிற்பேன்; தொண்டை வரை வரும்; “மாஸ்டர்…” என்று கூப்பிட்டுவிடுவேன். மாஸ்டர் வந்து “என்னங்க சொல்லோணும்?” என்பார். “ஒண்ணுமில்ல, போ.” இப்படியே ஒரு வாரம். ஆயுத பூஜைக்கு மூன்று நாள்தான் இருந்தது. கட்டிலுக்கு அடியிலிருந்து சரசு பெரிய பையை எடுத்துத் தூசி தட்டி வெயிலில் வைத்தாள்.

அன்று பார்த்துக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். ஊர் ஊராகப் போய்ப் பலகாரக் கடைகளை வீடியோ எடுத்துப் போடுகிறவர்கள். அந்தம்மா பேசுவார், வீட்டுக்காரர் குச்சியில் போனை மாட்டிப் பிடிப்பார். அடுப்படியில் எல்லோரும் கூடிவிட்டோம். மாஸ்டர் தலை வாரிக்கொண்டு வந்தார். சரசு ஒரு மூலையில் மாவு மடித்துக்கொண்டிருந்தாள். அம்முணி டீ டம்ளரோடு கதவோரம்.

“ஐயா, ஒத்தை ஆளா இவ்வளவு பெரிய பேக்கரியை எப்படிக் கட்டுனீங்க? சொல்லுங்க!” என்றார் அந்தம்மா. யாரிடம் கேட்டுக்கொண்டு வந்தாரோ!

“நான்…” என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வரவில்லை. நாற்பது வருஷம் தண்ணீர் போல ஓடிய கதை, நின்றுவிட்டது. போன் பிடித்தவர் “சார், டென்ஷன் ஆகாதீங்க, மறுபடி எடுத்துக்கலாம்” என்று குச்சியை இறக்கப் போனார். அம்முணி ஒரு கையை லேசாகத் தூக்கினார். “இருங்க. அவசரமில்லை.”

சரசு மாவை மடிக்கும் சத்தம் மட்டும், தப்பு தப்பு என்று. அப்புறம் அதுவும் நின்றது.

“தை மாசம் மைக்குல நான் சொன்னது பொய்யிங்க” என்றேன். “ஒத்தை ஆளா ஒரு மசுரும் கட்டல. மாவு அவ பிசைஞ்சது. ஏடு அவ கண்டுபுடிச்சது. இந்தக் கதையில எனக்குப் பாதிதான் தெரியும். மீதிய அவளைத்தான் கேக்கோணும்.”

எல்லோரும் சரசு பக்கம் திரும்பினார்கள். அவள் கையைத் துடைத்தாள். நிதானமாக, ஒவ்வொரு விரலாக. பிறகு போனைப் பார்த்துச் சொன்னாள்:

“பாதியாமா? கால்வாசி தெரிஞ்சாப் பெருசு. மொத நாளு இவரு சுட்டது வர்க்கி இல்லீங்க, கல்லு. தெருநாயி மோந்து பாத்துட்டு மொகத்தைத் திருப்பிட்டுப் போச்சு.”

மாஸ்டர் வெடித்துச் சிரித்தார். அந்தம்மா போனைச் சரசு பக்கம் திருப்பச் சொன்னார். முக்கால் மணி நேரம் பேசினாள். செங்கல் சுமந்தது, பிள்ளையைத் தூளியில் போட்டுவிட்டு அடுப்பு மூட்டியது, நான் காமாலையில் கிடக்கும்போது மடிப்பை ஒன்று கூட்டிப் பார்த்தது. மூன்று தடவை எனக்கு வாய் திறந்தது. மூன்று தடவையும் மூடிக்கொண்டேன். ஆனால் ஒன்று கவனித்தேன்: அத்தனையும் போனிடம்தான் பேசினாள். என்னைப் பார்த்து ஒரு வார்த்தை இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அம்முணி எங்களிடம் ஒன்றரை வருஷம் இருந்தார். பிறகு அம்மாவுக்கு முடியவில்லை என்று தஞ்சாவூர்ப் பக்கமே போய்விட்டார். அவருக்குக் கல்யாணம் ஆனதா, அவருக்கென்று ஒரு துக்கம் உண்டா, எதற்காகத் தனியாக மலையேறி வந்தார்? எனக்குத் தெரியாது. நான் கேட்கவே இல்லை. நான் பேசி அவர் கேட்டது எத்தனையோ மணி நேரம். இதை நினைத்தால்தான் எனக்குத் தலை குனிகிறது.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு அடுப்புக்கும் வேனுக்கும் பொட்டு வைத்தோம். மறுநாள் காலையில் சரசு பையைத் தூக்கிக்கொண்டு வந்து வேனில் ஏறினாள். போகிறாள், அவ்வளவுதான் என்று நினைத்தேன். நானே ஓட்டினேன். அம்முணிக்கும் மேட்டுப்பாளையத்தில் ஏதோ வேலை. பின் சீட்டில் உட்கார்ந்திருந்தார். மலை இறங்கும் வழியெல்லாம் நான் வாயைத் திறக்கவில்லை. எந்த வளைவில் எப்போது லாரியை ஒடித்துத் திருப்பினேன் என்ற கதைகூடச் சொல்லவில்லை. எதையும் சொல்லி அந்த இடத்தை அடைக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். வேர்த்துக் கொட்டியது.

பாதி மலையில் பர்லியார் நெருங்கும்போது சரசு பின்னால் திரும்பினாள். “அம்முணி, இந்த மனுசன் இம்புட்டு நேரம் பேசாம வந்ததே இல்லியே. ஒடம்புக்குக் கிடம்புக்கு ஏதாச்சுமா?”

“எனக்கெப்படித் தெரியும்மா? பக்கத்துலதானே இருக்கார்” என்றார் அம்முணி, ஜன்னல் வெளியே குரங்குகளைப் பார்த்துக்கொண்டே.

பிறகு என் முழங்கையில் ஒரு விரல் இடித்தது.

“ஏனுங்க.”

எட்டு மாதமாயிற்று அந்தச் சொல்லைக் கேட்டு. பழக்கடை ஓரம் வேனை நிறுத்தி, எஞ்சினை அணைத்தேன்.

“நாலு நாள்தான் காரமடையில இருப்பேன்” என்றாள் சரசு. “அஞ்சாம் நாளு வந்து கூட்டிக்கோங்க. வர்றப்ப அந்த வீடியோவை எத்தனை பேரு பாத்தாங்கன்னு கேட்டுட்டு வாங்க. அப்புறம், உங்ககிட்டச் சொல்றதுக்கு எட்டு மாசத்துச் சமாச்சாரம் சேந்து கெடக்குது.”

“சொல்லு சரசு” என்றேன்.